பல்லுக்காரர் சிரித்த படம்

பல்லுக்காரருக்கு மனிதர்களைப் பிடிக்காது. பழியைத் தொழிலின் மேல் போடுவார். பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், பழைய எக்ஸ்ரே பெட்டிகளுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே ஒரு மேஜை. அந்த மேஜையில் குனிந்தே அவர் ஆயுசில் பாதி போயிற்று. முன்னறையில் டாக்டருக்கு நோயாளி முழுசாக வருவார். பல்லுக்காரருக்கு வருவது வாயின் அச்சு மட்டும், வெள்ளை மாவில், மேல்தாடை ஒன்று, கீழ்த்தாடை ஒன்று. அதை வைத்து மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, வேகவைத்து, ராவிப் பளபளப்பாக்கி ஒரு பல்செட் செய்து கொடுத்தால் வேலை முடிந்தது. அது முடிவதற்குள் அந்த வாய்க்கு உரியவரை அலசிப் பிழிந்து கொடியில் காயப் போட்டிருப்பார்.

"இந்த அம்மா பொழுதன்னிக்கும் பல்லைக் கடிச்சிட்டே இருந்திருக்கு. புருஷன் பாவம்" என்பார். "இவன் ஒரு பக்கமாவே மென்னிருக்கான். புத்தியும் ஒரு பக்கமாத்தான் போகும்" என்பார். டாக்டர் சிரிப்பார். டாக்டருக்கு வேறு வழியில்லை. இவர் அளவுக்குக் கச்சிதமாகப் பல் கட்ட அக்கம்பக்கத்தில் ஆளில்லை. ஒரு தடவை அந்த டாக்டரின் மனைவிக்கே பல்லில் கிளிப் போட அச்சு எடுத்தபோது, "நல்ல வாய்தான், ஆனா ஓயாத வாய்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா அதற்கப்புறம் மருத்துவமனைப் படியேறவில்லை.

இதெல்லாம் நேர்மை என்பது அவர் எண்ணம். "மனசுல பட்டதைச் சொல்றேன், எனக்கு நடிக்கத் தெரியாது" என்பார். மனசில் ஏன் எப்போதும் மட்டமானதே படுகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிறவரின் முன்பல்லைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாரே என்ற பயம். கொட்டினால்தான் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி என்று அவருக்கு ஒரு கொள்கை. ஆக, கொட்டிக்கொண்டே இருந்தார்.

அவருடைய பல் எல்லாம் சொந்தப் பல், வரிசையான பல். அதைப் பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் அவர் சிரிப்பதில்லை. கூடத்தில் மாட்டியிருக்கிற கல்யாணப் படத்தில் மனைவி வெட்கத்தோடு நிற்க, இவர் பக்கத்தில் கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி விறைத்து நிற்கிறார். குழந்தை பிறந்தபோது எடுத்த படத்திலும் அதே முகம்தான். கையில் குழந்தைக்குப் பதில் கட்டைப் பையைக் கொடுத்திருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அந்தக் குழந்தைதான் ஒரே மகள். வளர்ந்து பிசியோதெரபி படித்து, கை கால் விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிற வேலையில் இருக்கிறாள். அப்பாவின் கூர்மையான கண் அவளுக்கு அப்படியே வந்திருந்தது. நாக்கு வரவில்லை, அது அம்மா செய்த புண்ணியம். அவள் லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன், நிதானமான பையன், யாரையும் எடுத்தெறிந்து பேசத் தெரியாதவன். மாமனாருக்கு இது போதாதா? "வாயில்லாப் பூச்சி" என்று முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டார்.

மருமகனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடியுமுன் எழுந்து, இலை தழை அச்சடித்த சட்டையும், காதையும் கழுத்தையும் மூடுகிற தொப்பியும் போட்டுக்கொண்டு, கேமராவோடு கடற்கரைக்குப் போய்விடுவான். கூட ஒரு கூட்டம் வரும். சூரிய உதயம் பார்ப்பார்கள், பறவையையும் நண்டையும் படம் பிடிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். பல்லுக்காரர் அவனுக்குத் தொப்பி என்றே பேர் வைத்தார். வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிடக்கிறவன் ஒரு நாள் வெளிச்சத்தைப் பார்க்கட்டுமே என்று நினைக்கிற மனசு அவருக்கு இல்லை.

போன வருஷம் நூலகக் கூடத்தில் அந்தக் கூட்டம் ஒரு படக்காட்சி வைத்தது. தொப்பி எடுத்த ஆந்தைப் படத்தை நடுச்சுவரில் மாட்டியிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதன் முன் நின்று நாலு பேர் பாராட்டிக்கொண்டிருக்க, பல்லுக்காரர் தொண்டையைக் கனைத்து, "ஆந்தை முகத்துல இருக்கிற களைகூட எடுத்தவன் முகத்துல இல்லையே. இவனைச் சுவத்துல மாட்டிட்டு இதை மாப்பிள்ளையாக்கிருக்கலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தொப்பி மட்டும், பாவம், மரியாதைக்காகச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்ததைத்தான் மகளால் தாங்க முடியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனவள் அப்பா வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. அம்மாவைக் காய்கறிக் கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் வைத்துப் பார்த்துக்கொள்வாள். பெற்ற மகளைப் பஸ் நிறுத்தத்தில் சந்திக்கிற கொடுமை அந்த அம்மாவுக்கு.

பல்லுக்காரர் முதலில், "போனா போறா" என்றார். பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டு மேஜையில் மகள் உட்காருகிற நாற்காலியின் மேல் மனைவி துவைத்த துணியைக் குவித்து வைத்தால் கத்துவார். "நாற்காலி உட்கார்றதுக்கா, மூட்டை போடறதுக்கா?" மகள் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. அதைச் சொல்லத்தான் வாயில்லை. ஊரை வைய அந்த வாய் அகல விரியும். ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமானால் தாழ்ப்பாள் விழுந்துவிடும்.

கடைசியில் மகளே ஒரு வழி சொன்னாள். அம்மா அதைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கடற்கரை நடைக்கு உங்களை வரச் சொல்றா. ஒரே ஒரு காலைப் பொழுது. யாரையும் குத்திப் பேசாம, வாயை மூடிட்டுக் கூட நடந்து வரணும். அப்படி இருந்தீங்கன்னா மத்தியானம் ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்களாம்."

"இது என்ன, பள்ளிக்கூடத்துப் பரீட்சையா?"

"ஆமா. ஃபெயிலானா நான் மறுபடியும் பஸ் ஸ்டாப்ல போய் நிக்கணும். எனக்கு முட்டி வலிக்குது."

பல்லுக்காரர் ஞாயிறன்று அலாரம் அடிக்குமுன் எழுந்து, அலமாரியின் அடியிலிருந்து கட்டம் போட்ட புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி கதவுவரை வந்து, "வாயை வீட்ல விட்டுட்டுப் போங்க" என்றாள். அவர் உதட்டைப் பூட்டுகிற மாதிரி விரலால் சைகை காட்டிவிட்டு இறங்கினார்.

கலங்கரை விளக்கத்தின் அடியில் இருட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. எல்லோருடைய டார்ச்சிலும் சிவப்புத் தாள் சுற்றியிருந்தது. பறவைக்குக் கண் கூசக் கூடாதாம். மகள் அவரைப் பார்த்தாள். கிட்டே வந்து, ஒன்றும் பேசாமல், தன் தோள்பையைக் கழற்றி அவர் தோளில் மாட்டினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை அப்படித்தான் அவர் தோளில் மாட்டுவாள். பல்லுக்காரர் பை வாரைச் சரிசெய்துகொண்டார். "இவ்வளவு கனமா? செங்கல் சூளையா வச்சிருக்க?" என்று நாக்கு நுனிவரை வந்ததை முழுங்கிக்கொண்டார்.

முழுங்க வேண்டியது அன்று ஏராளமாக இருந்தது. கூட்டத்தில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர், தன் கையைவிடப் பருமனான லென்ஸைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பல்லுக்காரர் மனசுக்குள் பீரங்கி என்று பேர் வைத்தார். ஒரு தலைமையாசிரியை இருந்தார். யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் திரும்பி, "ஸ்ஸ்ஸ்" என்பார். அந்த அம்மாவின் ஸ்ஸ்ஸ்தான் அந்தக் கடற்கரையிலேயே பெரிய சத்தம். அலைகூட அதற்கு அடுத்தபடிதான். இன்னும் இரண்டு மூன்று பேர், எல்லோருக்கும் இலை தழைச் சட்டை. மரமே இல்லாத மணல்வெளியில் இலை தழைச் சட்டை எதற்கு என்று கேட்க அவருக்குத் தொண்டை அரித்தது. கேட்கவில்லை.

கிழக்கு வெளுத்தது. ஒரு நண்டு வளையிலிருந்து எட்டிப் பார்த்தது. மொத்தக் கூட்டமும் மண்டியிட்டது. பீரங்கி முழங்கால் மடங்காமல் பக்கவாட்டில் சாய்ந்து, மணலில் உருண்டு, நண்டுக்கு முகத்தைக் காட்டினார். நண்டு வாழ்க்கையில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்காது, உள்ளே போய்விட்டது. "அருமையான அனுபவம்" என்று பீரங்கி எழுந்து மணலைத் தட்டினார். அடுத்து ஒரு தெருநாய் சூரிய வெளிச்சத்தில் ஓடியது, அதையும் எடுத்தார்கள். நாய் தன்னை நரி என்று நினைத்திருக்கும். பல்லுக்காரர் கன்னத்தை உட்பக்கமாகக் கடித்துக்கொண்டே நடந்தார். மகள் அவ்வப்போது திரும்பிப் பார்த்தாள். ஒரு தடவை ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, "முடியுதாப்பா?" என்று கேட்டாள். தலையாட்டினார். அவள் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத வெளிச்சம் வந்தது. இதற்காக இன்னும் பத்துப் பீரங்கிகளைத் தாங்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கூட்டைக் கண்டுபிடித்தது பீரங்கிதான். கூடு என்று சொன்னால் நம்ப முடியாது. மேட்டு மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டைகள். மிதித்தால்கூடத் தெரியாது. தொப்பி குனிந்து பார்த்துவிட்டு, உப்புக்கொத்தியின் முட்டை என்று கிசுகிசுத்தான். மணலில் முட்டையிடுகிற சிறு பறவையாம்.

"தாய் பக்கத்துலதான் இருக்கும். நம்ம சத்தத்துக்கு எழுந்து போயிருக்கு. யாரும் கிட்ட போக வேணாம். இங்கேயே படுத்துட்டு அசையாம இருந்தா திரும்பி வந்து உக்காரும். பின்னாடி சூரியன், முன்னாடி முட்டை, நடுவுல தாய். ஒரே படத்துல மூணும்."

சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது, அவ்வளவு ஆசை. கடலைப் பார்த்து, கூட்டை அரைவட்டமாக வளைத்து, எல்லோரும் குப்புறப் படுத்தார்கள். கண்ணை லென்ஸில் வைத்தார்கள். மகள் வரிசையின் ஓரத்தில் படுத்தாள். தாய் வந்தால் படம் எடுக்கலாம் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அத்தனை பேர் காத்திருக்கிற இடத்துக்கு எந்தத் தாய் வருவாள் என்று ஒரு மண்டைக்கும் எட்டவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குக் கூட்டம் கூடி வாசலை அடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கிற கதைதான்.

பல்லுக்காரர் அவர்களுக்குப் பின்னால், தரைப்பக்கமாக, பையோடு நின்றார். கேமரா இல்லாத ஒரே ஆள். முகத்தில் இளவெயில் அடித்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாக ஆறேழு பின்பக்கங்கள்.

அப்போதுதான் காலடியில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்தால், கைப்பிடியளவுப் பறவை ஒன்று, மணல் நிறம், ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போகிறது. அடிபட்ட பறவை என்று முதலில் நினைத்தார். கொஞ்ச தூரம் போனதும் இறக்கையை மடக்கிக்கொண்டு ஜோராக ஓடியது. திரும்பி வந்து, மறுபடியும் இறக்கையை விரித்து, மறுபடியும் நொண்டியது. தன் பின்னால் வா, வா என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. இதுதான் தாய். முட்டையை விட்டு எல்லோரையும் விலக்கத் தன்னையே பலியாகக் காட்டி நடிக்கிறது. ஆனால் அலைச் சத்தத்தில் இந்தப் புத்திசாலிகள் காதில் அது விழவில்லை, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தாய்க்காக மூச்சடக்கிக் கிடக்கிறார்கள். தாய் அவர்கள் பின்பக்கத்தில் நின்று உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருக்கிறாள்.

சொல்லலாம் என்று வாயெடுத்தார். நிஜமாகவே எடுத்தார். தொண்டையைக் கனைத்தார். தலைமையாசிரியை லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "ஸ்ஸ்ஸ்" என்றார்.

அதோடு அவர் நிறுத்திக்கொண்டார். சரி, அப்படியே கிடங்க. பேசக் கூடாது என்றுதானே ஒப்பந்தம்? பேசாமல் இருக்கிறேன். தொப்பியின் அந்தப் பெரிய தொப்பி ஆடாமல் அசையாமல் கடலைப் பார்த்திருந்தது. அதற்குப் பின்னால், எட்டிப் பிடிக்கிற தூரத்தில், பறவை இறக்கையை விசிறிபோல் விரித்துக் கதறியது. தலைவனாம். பறவை நிபுணனாம். நாளைக்கு டாக்டரிடம் இதைச் சொன்னால் மனுஷன் நாற்காலியிலிருந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டார். உள்ளே குமிழியிட்டு வந்த சந்தோஷம் உதடுவரை வந்து விரிந்துவிட்டது. பல்லுக்காரர், வெயிலில் நின்று, பல் தெரியச் சிரித்தார். எங்கேயோ கேமரா ஒன்று க்ளிக் என்றது.

வெயில் ஏறியது. பறவை அலுத்துப்போய்த் தூரத்தில் நின்று கத்தியது, மறுபடியும் வந்தது, மறுபடியும் போனது. பின்னால் மின்கம்பத்தில் இரண்டு காக்கைகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தன. அவற்றையும் பல்லுக்காரர் பார்த்தார். கடைசியில் தொப்பி எழுந்து, வெளிச்சம் கெட்டுவிட்டது, போகலாம் என்றான். எழுந்தார்கள், மணலைத் தட்டினார்கள், நடந்தார்கள். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள், பின்னால் காக்கைச் சத்தம். மகள் திரும்பிப் பார்த்தாள். கேமரா நெஞ்சில் மோத மோதத் திரும்பி ஓடினாள்.

மணலில் ஈரமும் கொஞ்சம் முட்டை ஓடும்தான் மிச்சம்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தொப்பி பக்கத்தில் போய் நின்று, "கைவிட்ட கூடா இருக்கும்மா. அவ்வளவு நேரம் இருந்தோம், ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலையே. தாய் எப்பவோ போயிருக்கும். நாம ஒண்ணும் பண்ணல" என்றான். நம்பித்தான் சொன்னான். பீரங்கி தலையாட்டினார். தலைமையாசிரியை, "சில தாய்ங்க அப்படித்தான்" என்றார். அந்தப் பறவையின் நடத்தைக்கு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கெட்ட சான்றிதழ் கொடுத்துவிட்டு ஆறுதல் அடைந்தார்கள்.

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "ஏன்பா, அது ஏன் வரவே இல்ல?"

இப்போது யாரும் ஸ்ஸ்ஸ் சொல்லவில்லை. மகளே கேட்கிறாள், நேராகக் கேட்கிறாள். பல்லுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். சொன்னால், எப்போது பார்த்தீர்கள் என்பாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்பாள். மத்தியானச் சாப்பாடு போயிற்று.

"யாருக்குத் தெரியும்" என்றார். அன்று காலை அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். வாய் உள்ள ஊமை அதைவிட மோசம். அவள் அவர் கையைப் பிடித்து எழுந்து, கையை விடாமலேயே கார்வரை நடந்தாள்.

மத்தியானம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. நாற்காலியில் துணி இல்லை. மனைவி மீன் வறுத்துக்கொண்டே இருந்தாள். தட்டில் இடம் இல்லாதபோதும் வைத்தாள். தொப்பி தொப்பியில்லாமல் வந்திருந்தான். "மாமா இன்னிக்கு ரொம்பப் பொறுமையா இருந்தீங்க. எல்லாரும் உங்களைப் பத்திக் கேட்டாங்க" என்றான். பல்லுக்காரர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். முட்டைப் பேச்சு வந்தது. "பாவம், என்ன தாயோ" என்று மனைவி உச்சுக்கொட்டினாள். அவர் மீன் முள்ளை எடுப்பதில் கவனமாக இருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் மகள் கேமராவை டிவியில் மாட்டினாள். "அம்மா, உனக்கு ஒண்ணு காட்றேன். அப்பாவுக்கே தெரியாது" என்றாள். நண்டு போயிற்று, நாய் போயிற்று, முட்டைகள் போயின. பிறகு டிவியில் அவர் வந்தார், தலையிலிருந்து கால்வரை. இளவெயில் அடிக்க, கண் சுருங்க, வரிசைப் பல் அத்தனையும் தெரிய, பல்லுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். சுவரில் இருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். "என் கழுத்துல தாலி கட்டினப்போகூட இப்படிச் சிரிக்கலையே" என்றாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இதைப் பெருசு போட்டு மாட்டணும்."

"நான் படுத்துட்டே சும்மா திரும்பிப் பாத்தேம்மா. இப்படி நின்னுட்டிருந்தார். நாம எல்லாரும் சேர்ந்து இருக்கிற சந்தோஷம்னு நெனச்சேன். டக்குனு எடுத்துட்டேன்."

"அது நான் வாங்கிக் கொடுத்த சட்டைதானே? சரியாத் தெரியலையே."

மகள் சட்டையைக் காட்டப் படத்தைப் பெரிதாக்கி மேலே நகர்த்தினாள். சட்டை வந்தது, பை வந்தது, செருப்பு வந்தது. செருப்புக்குப் பக்கத்தில், மணலோடு மணலாக, ஒரு பறவை. ஒரு இறக்கை மடங்கி, ஒரு இறக்கை விரிந்து, அலகு திறந்திருந்தது.

தொப்பி நாற்காலியிலிருந்து எழுந்து டிவிக்குக் கிட்டே போனான். வெகுநேரம் பார்த்தான். மகள் படத்தை மெதுவாகக் கீழே இறக்கினாள். செருப்பு, சட்டை, சிரிப்பு, கண். கண் எங்கே பார்க்கிறது என்பது இப்போது குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை கால்வரை போய்விட்டுக் கண்ணுக்குத் திரும்பி வந்தாள்.

"அப்பா, இது எப்ப?"

அவர் வாய் துடைக்கத் துண்டைத் தேடினார்.

"இதுக்கு அடுத்த படத்துலயும் முட்டை இருக்குப்பா."

"நீதானே வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னே."

"குத்திப் பேசக் கூடாதுன்னு சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "அப்புறம் நானே கேட்டேனேப்பா. ஏன் வரலன்னு உங்களைத்தானே கேட்டேன்."

பல்லுக்காரர் மருமகனைப் பார்த்தார். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தார், கத்தவேண்டும் என்றுகூட ஆசைப்பட்டார். கத்துகிறவனுக்குச் சொல்ல அவரிடம் நூறு பதில் உண்டு. தொப்பி கத்தவில்லை. "எனக்குத் தெரியல மாமா" என்றான். "தப்பு என் மேலதான், நான்தான் எல்லாரையும் படுக்க வச்சேன். ஒரு வார்த்தை சொல்லிருந்தீங்கன்னா அப்பவே எழுந்து போயிருப்போம். என்னைத் திட்டியே சொல்லிருக்கலாம்." பிறகு டிவியைப் பார்த்து, "அதைப் போய்க் கைவிட்டுடுச்சுன்னு சொன்னேனே" என்றான்.

மகள் கம்பியைப் பிடுங்கினாள். திரை இருண்டது. கேமராவைப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து, செருப்பு மாட்டிக்கொண்டாள். வாசலில் திரும்பினாள்.

"நீங்க திட்டுறதை இத்தனை வருஷமாத் தாங்கிட்டுத்தான்பா இருந்தேன். இந்தச் சிரிப்பை இனிமே எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

படியிறங்குகிற சத்தம் நின்றபின், மனைவி தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். பல்லுக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "நான் ஒண்ணுமே சொல்லலையே" என்றார். அவள் அடுப்படிக்குப் போய், தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டு, உள் அறையிலிருந்து துவைத்த துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகளின் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பி, மூட்டையை அதன் மேல் இறக்கினாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கத்தவில்லை.